அந்த இரவில் இல்லாதவள்: ஒரு சிறுகதை உருவான விதம்

ஒரு எழுத்துப் பட்டறையில், எங்கேயும் ஒட்ட முடியாத ஒருத்தியைப் பற்றி ஒரு சிறுகதை எழுதப்பட்டது. முதல் வடிவத்தைப் படித்தவர்கள் "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள். கடைசி வடிவத்தைப் படித்தவர்கள் அதன் முடிவை வைத்து நெடுநேரம் வாதாடினார்கள். இரண்டுக்கும் நடுவில் அந்தக் கதைக்கு என்ன நடந்தது என்பதுதான் இந்த ஆய்வு. எழுதியவரின் அனுமதியோடு, அவர் பெயரைச் சொல்லாமல் எழுதுகிறேன். கதை வளர்ந்த காலம் முழுக்க அதன் எடிட்டராக நான் கூடவே இருந்தேன்.

இந்தக் கதையிலிருந்து எனக்கு உறுதியான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒட்டாதவரின் கதையை எழுத உட்காருபவர் முதலில் எழுத வேண்டியது ஒட்டியிருப்பவர்களை. அவர்களுடைய சிரிப்பு, அவர்கள் பாதியில் விட்டாலும் புரிந்துவிடும் வாக்கியங்கள், அவர்களுக்குள் இருக்கும் பழைய கணக்குகள், இவையெல்லாம் பக்கத்தில் உயிரோடு வர வேண்டும். வாசகருக்கே அந்தக் கூட்டத்தில் போய் உட்கார ஆசை வர வேண்டும். அந்த ஆசை வராத கதையில் நாயகியின் ஏக்கம் வாசகரைத் தொடாது.

முதல் வடிவம்

கதையின் களம் ஒரு மருத்துவமனையின் ரெக்கார்டு ரூம். பழைய நோயாளிகளின் கோப்புகள் கட்டுக்கட்டாக அடுக்கியிருக்கும் இடம். நாயகி அங்கே வேலைக்குச் சேர்ந்து 6 வருடம் ஆகிறது. அவளுக்குப் பெயர் இல்லை, கடைசி வரை "அவள்"தான். முதல் வடிவத்தின் நடுப்பகுதி இப்படி இருந்தது:

"அவள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். சுற்றிலும் மனிதர்கள். ஆனாலும் அவர்களுக்கும் தனக்கும் நடுவே ஒரு கண்ணாடிச் சுவர் நிற்பது போல இருந்தது. இந்த உலகத்தில் தனக்கென்று ஓர் இடம் இல்லை என்று நினைத்துக்கொண்டாள்."

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இதை வெட்டி எடுத்து வேறு எந்தக் கதையில் ஒட்டினாலும் பொருந்திவிடும். விடுதிக்குப் புதிதாக வந்த மாணவன், பிள்ளைகள் வீட்டில் தங்கியிருக்கும் முதியவர், அகதி முகாமில் வளர்ந்த சிறுமி, யாருக்கும் இதே மூன்று வரி சரியாக இருக்கும். அப்படி எல்லோருக்கும் பொருந்தும் வரியில் இந்தப் பெண் எங்கேயும் தெரியவில்லை. இன்னொன்று, ஜன்னலுக்கு வெளியே பார்ப்பவளுக்கு முதுகுப்பக்கம் 5 பேர் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கதை கேட்கவே இல்லை. அவர்கள் மொத்தமாக "மனிதர்கள்" ஆகிவிட்டார்கள்.

அந்த 5 பேரில் ஒருவருக்கு மட்டும் முகம் இருந்தது: சுடுசொல் பேசும் ஒரு மேலதிகாரி. எல்லார் முன்னாலும் அவளை அவமானப்படுத்துவார். கடைசிப் பக்கத்தில் அவள் ராஜினாமா கடிதத்தை மேசை மேல் வைத்துவிட்டுப் போவாள். படித்தவர்களின் கோபம் முழுக்க அந்த அதிகாரி மேல் போனது. அவர் மாற்றலாகிப் போனால் கதையில் பிரச்சினையே இல்லை. கொடியவர் ஒருவர் இருந்தால் அது அநியாயத்தின் கதை. அதையும் எழுத வேண்டியதுதான், ஆனால் எழுதியவர் எழுத நினைத்தது அது இல்லை என்று எனக்குத் தோன்றியது.

அவரிடம் கேட்டேன். "அந்த அதிகாரியை எடுத்துவிடுவோம். எல்லாரும் உங்கள் நாயகிமேல் பிரியமாகவே இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அவள் ஒட்டாமல் இருப்பாளா?"

யோசிக்காமல் பதில் வந்தது. "இருப்பா. அதைத்தான் எனக்கு எழுதணும். எப்படின்னுதான் தெரியல."

கெட்டவர் இல்லாத வலி

கெட்டவர் யாரும் இல்லாமலே ஒதுக்கப்பட்ட வலி வரும் என்பதற்கு ஆய்வுலகில் நல்ல சான்று இருக்கிறது. சமூக உளவியலாளர் கிப்ளிங் வில்லியம்ஸ் ஒருநாள் பூங்காவில் தன் நாயோடு உட்கார்ந்திருந்தார். முன்பின் தெரியாத இருவர் வீசி விளையாடிய தட்டு அவரிடம் வந்து விழுந்தது. எடுத்து வீசினார், அவர்களும் திரும்ப அவருக்கு வீசினார்கள். கொஞ்ச நேரம் மூவருமாக ஆடினார்கள். பிறகு அந்த இருவரும் அவருக்கு வீசுவதை நிறுத்திவிட்டுத் தங்களுக்குள் ஆடத் தொடங்கிவிட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் தனக்குள் எழுந்த வலியின் அளவு அவரையே திடுக்கிட வைத்தது. பிற்பாடு இதையே ஒரு கணினிப் பந்து விளையாட்டாக மாற்றி, 2000ஆம் ஆண்டு சக ஆய்வாளர்களோடு முடிவுகளை வெளியிட்டார். 62 நாடுகளிலிருந்து 1,486 பேர் இணையம் வழியே அதில் கலந்துகொண்டார்கள். பந்து தங்களுக்கு வராமல் போகப் போக அவர்கள் மனம் சுருங்கியது. எதிரில் ஆடுவது மனிதர்கள் இல்லை, வெறும் கணினிதான் என்று தெரிந்தவர்களுக்கும் இந்த வலி குறையவில்லை என்று 2004இல் வந்த இன்னொரு ஆய்வு காட்டியது.

கதை எழுதுபவருக்கு இதில் பெரிய விடுதலை இருக்கிறது. அந்தப் பூங்காவில் இருந்த இருவரும் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்கு அவரைத் தெரியாது, அவரைப் புண்படுத்த வேண்டும் என்ற எண்ணமும் இல்லை. தங்களுக்குள் ஆடிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். அந்த வலியை எழுத வேண்டுமானால் அந்த ஆட்டம் எவ்வளவு இன்பமாக இருந்தது என்பதை எழுதியாக வேண்டும். எழுதியவரிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: "அப்போ இந்த ரூம்ல அவங்க ஆடுற ஆட்டம் என்ன?"

அந்த இரவு

நாயகியே இல்லாமல் மற்ற 5 பேரை மட்டும் வைத்து ஒரு பகுதி எழுதிப் பார்க்கச் சொன்னேன். கதையில் சேர்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, அவர்களைத் தெரிந்துகொள்ள மட்டும். அவர் எழுதிக்கொண்டு வந்தது ஒரு தீ விபத்து. நாயகி வேலைக்குச் சேர்வதற்கு 2 வருடம் முன்பு ஓர் இரவு ரெக்கார்டு ரூமில் தீப்பிடிக்கிறது. கதவு பூட்டியிருக்கிறது. சாவி வாட்ச்மேனிடம், வாட்ச்மேன் பின்பக்க கேட்டில். ஜன்னல் கண்ணாடியை உடைத்து இருவர் உள்ளே குதிக்கிறார்கள், மற்றவர்கள் வெளியே வரிசையாக நின்று கோப்புக் கட்டுகளைக் கைமாற்றி வாங்குகிறார்கள். மூத்த எழுத்தரின் உள்ளங்கையைக் கண்ணாடி கிழிக்கிறது. ஒரே ஒரு அலமாரி போகிறது, மிச்சம் எல்லாம் பிழைக்கிறது.

இந்தச் சம்பவம் வந்ததும் கதைக்கு உயிர் வந்துவிட்டது. காரணம், அதை அவர்கள் சொல்லும் விதம். பணி ஓய்வு, மாற்றல், பதவி உயர்வு என்று எது வந்தாலும் அந்த இரவின் கதை ஒருமுறை சொல்லப்படும். யார் தொடங்குவார், எங்கே யார் குறுக்கே வருவார், எந்த இடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள் என்பதற்கெல்லாம் முறை இருக்கிறது. உதவியாளர் "சாவி" என்று சொன்னாலே போதும், மற்ற நால்வரும் சிரித்துவிடுவார்கள். நாயகியும் சிரிப்பாள், ஆனால் ஒரு நொடி தாமதமாக. 6 வருடமாகக் கேட்டுக் கேட்டு அவளுக்கு அந்தக் கதை மனப்பாடம்.

அந்த ஒரு நொடித் தாமதம் எழுதியவரின் சொந்தக் கண்டுபிடிப்பு. கண்ணாடிச் சுவர் செய்ய முடியாத வேலையை அது செய்தது. முழுப் பத்தி வேதனையை வெட்டிவிட்டு அந்த இடத்தில் "அவளும் சிரித்தாள், கொஞ்சம் பிந்தி" என்று வைத்தார். அதைப் படித்ததும் அவளைப் பற்றிய கவலை எனக்கே வந்துவிட்டது.

ஒட்டாதவரைப் பற்றி எழுதும்போது அவரைத் தகவல் தெரியாதவராகக் காட்டுவது ஒரு பழக்கமாகிவிட்டது. உண்மையில் பல சமயம் நேர்மாறாக இருக்கும். ஜெர்மன் சமூகவியலாளர் ஜார்ஜ் சிம்மல் 1908இல் அந்நியரைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். இன்று வந்து நாளை போய்விடும் வழிப்போக்கரை அவர் அந்நியர் என்று சொல்லவில்லை, இன்று வந்து நாளையும் தங்கிவிடுபவரைத்தான் சொல்கிறார். கூட்டத்தின் உள் உறவுகளில் சிக்காதவர் என்பதாலேயே அப்படிப்பட்டவரிடம் ஆட்கள் வேறு யாரிடமும் சொல்லாததைச் சொல்வார்கள், பாவமன்னிப்பு கேட்பது போலக்கூடச் சொல்வார்கள் என்பது அவருடைய கவனிப்பு.

இதைப் பேசிய பிறகு எழுதியவர் கதையில் ஒரு முடிச்சைப் போட்டார். ஜன்னல் கண்ணாடியை உடைத்தது யார் என்பதில் அந்தக் கூட்டத்துக்குள் சத்தமில்லாத ஒரு சண்டை இருக்கிறது. சபையில் யாரும் அதை எழுப்ப மாட்டார்கள். ஆனால் மூன்று பேர், வெவ்வேறு நாட்களில், தனித்தனியாக நாயகியிடம் வந்து "உண்மையில நான்தான் உடைச்சேன்" என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த இரவில் அவள் இல்லை. ஆனாலும் அந்த இரவைப் பற்றி அவளுக்குத் தெரிந்த அளவு அங்கே இருந்த யாருக்கும் தெரியாது. அவள் மேல் அவர்களுக்கு நம்பிக்கை இருக்கிறது, மதிப்பும் பிரியமும் இருக்கிறது. அவ்வளவும் இருந்தும் அவள் வெளியே. கதைக்கு இதற்கு மேல் ஒரு கெட்டவர் தேவைப்படவில்லை.

யார் குரலில்?

இது சுருக்கமாக முடிந்த விஷயம். இடையில் ஒரு வடிவம் "நான்" என்று சொல்லப்பட்டது. ஒட்டாதவள் தானே பேசினால் புலம்பலாக முடியும் ஆபத்து எப்போதும் உண்டு, அதனால் படர்க்கைக்கே திரும்பினார். இன்னொருமுறை கதை முழுவதையும் அந்த 5 பேரின் கூட்டுக் குரலில் எழுதிப் பார்த்தார். படிக்க அருமையாக இருந்தது, கூட்டம் கண்முன்னே எழுந்து நின்றது. ஆனால் மூன்று பேர் தனித்தனியாக அவளிடம் சொன்ன இரகசியம் அந்தக் குரலுக்குத் தெரிய வழியே இல்லை. கதையின் முடிச்சே அவிழ்ந்துவிடும். அதோடு அந்த முயற்சி முடிந்தது.

"உடைச்சோம்"

புதிதாக ஒரு பையன் வேலைக்குச் சேர்கிறான். அறையின் உட்கூரையில் இருக்கும் கரிப்படலத்தைப் பார்த்து அது என்ன என்று கேட்கிறான். அறையில் அவளும் அவனும் மட்டும். அவள் சொல்லத் தொடங்குகிறாள்:

"ஷார்ட் சர்க்யூட். ராத்திரி எட்டரை இருக்கும். கதவு பூட்டியிருக்கு. சாவி வாட்ச்மேன்கிட்ட, வாட்ச்மேன் பின் கேட்டுல. காத்திருந்தா எல்லாம் சாம்பல். கண்ணாடியை உடைச்சு உள்ளே குதிச்சாத்தான் உண்டு."

"யாருக்கா உடைச்சது?"

அந்தக் கேள்விக்கு அவளிடம் மூன்று பதில்கள் இருந்தன.

"உடைச்சோம்," என்றாள்.

கதையிலேயே சிறந்த இடம் இதுதான் என்று நினைக்கிறேன். முந்தைய வடிவத்தில் அவள் ஆசைப்பட்டு, வேண்டுமென்றே, தானும் அங்கே இருந்ததாகப் பொய் சொன்னாள். அந்த வடிவத்தைப் படித்த சிலருக்கு அவள்மேல் பரிதாபம் வந்தது, சிலருக்கு எரிச்சல் வந்தது. இரண்டுமே அவளைச் சிறியவளாக்கின. இப்போது அவள் அந்தச் சொல்லுக்குள் வந்து சேர்வது வேறு வழியில். யாரையும் காட்டிக்கொடுக்கக் கூடாது. ஒரு பெயரைச் சொன்னால் மற்ற இருவருக்குத் துரோகம். பெயரே இல்லாமல் சொல்லத்தான் அப்படிச் சொல்கிறாள். சொல்லி முடித்த பிறகுதான் தானும் அதற்குள் இருப்பது அவளுக்குத் தெரிகிறது. திருத்தலாம், ஆனால் திருத்தவில்லை. மேலே சொல்லிக்கொண்டே போகிறாள், அந்த 5 பேரில் யாரும் சொல்லாத அளவுக்கு அழகாகச் சொல்கிறாள்.

நேர்மையின் வழியாகவே ஒருத்தி பொய்க்குள் வந்துவிடுகிறாள். அந்தத் திருப்பத்தைக் கதாபாத்திரத்தின் குணத்திலிருந்தே எடுத்தது எழுதியவரின் பெரிய வெற்றி. வெளியிலிருந்து ஒரு சம்பவத்தைக் கொண்டுவந்து போட்டிருந்தால் இந்தக் கனம் வந்திருக்காது.

முடிவைத் தேடி

மறுநாள் எல்லாரும் இருக்கும்போது பையன் அந்த இரவைப் பற்றிக் கேட்கப்போகிறான். இது தவிர்க்க முடியாதது. கேட்ட பிறகு என்ன ஆகும் என்பதில்தான் எழுதியவர் அதிக காலம் செலவிட்டார்.

முதலில் தோன்றிய முடிவு, யாருக்கும் தோன்றக்கூடியது. மூத்தவர் சாதாரணமாக, "நீங்க அப்ப இங்க இல்லையேம்மா" என்கிறார். அறை அமைதியாகிறது. இது வலிக்கும், ஆனால் வாசகர் ஒரு பக்கம் முன்னாலேயே அதை எதிர்பார்த்துவிடுவார். அதுவுமில்லாமல், பிரியமான மனிதர்களாக இவ்வளவு தூரம் வளர்ந்தவர்களை ஒரே வாக்கியத்தில் கல்நெஞ்சக்காரர்களாக மாற்றிவிடுகிறது. அதற்கடுத்து எழுதியதில் எல்லாரும் அவளைத் தேற்றி, "நீயும் எங்களில் ஒருத்திதான்" என்றார்கள். அதை எழுதிய மறுநாளே அவரே கிழித்துப் போட்டுவிட்டார். ராஜினாமா கடிதம் ஒருமுறை திரும்பி வந்து பார்த்துவிட்டுப் போனது.

நான் அவரிடம் சொன்னது இவ்வளவுதான்: இந்த 5 பேரும் நல்லவர்கள் என்று நீங்களே நிறுவியிருக்கிறீர்கள். அப்படியானால் நல்லவர்கள் அந்த நிமிடத்தில் செய்வதைச் செய்யட்டும். நல்லவர்கள் என்ன செய்வார்கள்? அவள் மானத்தைக் காப்பாற்றுவார்கள். அதற்காகப் பொய்கூடச் சொல்வார்கள்.

கடைசி வடிவம் இப்படி முடிகிறது:

"அக்கா, அன்னைக்கு நீங்க ஜன்னலுக்கு உள்ளே இருந்தீங்களா, வெளியே வரிசையில இருந்தீங்களா?" பையன் சும்மாதான் கேட்டான்.

யாரும் பேசவில்லை. அவள் கையில் இருந்த கட்டை அவிழ்த்து, மறுபடியும் கட்டினாள்.

"அவங்க கதவைப் பிடிச்சிட்டு நின்னாங்க," என்றார் மூத்தவர். "நாங்க கட்டு கட்டா வெளியே கொண்டுவர, அவங்கதான் கதவைப் பிடிச்சுக்கிட்டாங்க."

"ஆமா," என்றார் உதவியாளர். "பாவம், ரொம்ப நேரம்."

மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

பையன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவளைப் பார்த்தான். அப்புறம், "சரிதான், யாராவது பிடிச்சுக்கணும்ல," என்றான்.

கதவு பூட்டியிருந்தது. அது அங்கே எல்லாருக்கும் தெரியும், பையனுக்குக்கூட. அவனிடம் சொன்னவளே அவள்தான். அந்த இரவின் கதையில் மாறாத ஒரே உண்மை அந்தப் பூட்டு. அவளுக்கு ஓர் இடம் கொடுப்பதற்காக அந்த உண்மையையே அவர்கள் விட்டுக்கொடுக்கிறார்கள். அது பெரிய அன்பு. ஆனால் அவளுக்குக் கிடைத்த இடம், நடந்த எதிலும் இல்லாத இடம். இன்னொரு பக்கம், வேலைக்குச் சேர்ந்த மறுநாளே அந்தப் பையன் கூட்டத்தின் இரகசியத்துக்குத் துணை நின்று உள்ளே போய்விட்டான். 6 வருடம் அவளால் போக முடியாத தூரத்தை ஒரே வாக்கியத்தில் கடந்துவிட்டான்.

ஒரு வாக்கியத்தைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். "கதவு பூட்டியிருந்தது என்று நேற்று அவனிடம் சொன்னவள் அவள்தான்" என்று முதலில் கடைசிக் காட்சிக்குள் ஒரு வரி இருந்தது. அதை எடுத்துவிடச் சொன்னேன். வாசகர் மறந்துவிடுவாரே என்று எழுதியவருக்குப் பயம். அதற்குச் சரியான வழி பூட்டை முன்னாலேயே ஆழமாகப் பதிப்பதுதான். "சாவி" என்றதும் எல்லாரும் சிரிக்கும் பழக்கத்தைக் கதையின் தொடக்கத்துக்கு நகர்த்தினார், பணி ஓய்வு விழாவில் ஒருமுறை, பையனிடம் சொல்லும்போது ஒருமுறை பூட்டு மறுபடி வந்தது. கடைசிக் காட்சியில் விளக்கமே தேவைப்படவில்லை. படித்தவர்களில் சிலர் "கதவைப் பிடிச்சிட்டு நின்னாங்க" என்ற வரியில் நின்று, திரும்ப மேலே போய்ப் பார்த்தார்கள். வாசகர் தானே கண்டுபிடிக்கும் பொய்க்கு இருக்கும் பலம், கதாசிரியர் சுட்டிக்காட்டும் பொய்க்குக் கிடையாது.

முன்னால் சொன்ன 2000ஆம் ஆண்டு ஆய்வில் இன்னொரு பகுதியும் இருந்தது. பந்தாட்டத்தில் ஒதுக்கப்பட்டவர்கள் அடுத்ததாக வேறு ஒரு வேலையைச் செய்தபோது, குழு ஒருமனதாகச் சொன்ன தவறான விடையோடு ஒத்துப்போவது அவர்களிடம் கூடுதலாக இருந்தது. கதை முடிந்த பிறகுதான் இதை எழுதியவரிடம் சொன்னேன். தன் நாயகி கடைசிக் காட்சியில் மறுத்து எதுவும் பேசாமல் இருப்பது சரிதானா என்று அவருக்கு ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது. அது தீர்ந்தது.

படித்தவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். அவளை அன்று முதல்முறையாக உள்ளே சேர்த்துக்கொண்டார்கள் என்று ஒரு பக்கம். ஒரு கூட்டம் யாருக்காகச் சேர்ந்து பொய் சொல்கிறதோ அவர் அந்தக் கூட்டத்துக்குச் சொந்தம் என்பது அவர்கள் வாதம். மற்ற பக்கத்தினர், அவள் வெளியே இருப்பதை எல்லாரும் சேர்ந்து உறுதி செய்த நாள் அது என்றார்கள். உள்ளே இருப்பவரைக் காப்பாற்றப் பொய் தேவைப்படாதே என்றார் ஒருவர். எழுதியவர் எந்தப் பக்கமும் சாயவில்லை. நான் இரண்டாவது பக்கம். ஆனால் முதல் பக்கத்தினரின் வாதத்துக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை.

ஓர் இடத்தில் எங்களுக்குள் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. கதையின் நடுவே, அவள் தனியாக இருக்கும் ஒரு மாலையில் ஏணி போட்டு ஏறி உட்கூரையின் கரிப்படலத்தைத் தொட்டுப் பார்க்கிறாள், விரலில் கரி ஒட்டுகிறது. அழகான பத்தி, ஆனால் அது அவளுடைய ஏக்கத்தை அதிகம் வெளிக்காட்டிவிடுகிறது, எடுத்துவிடலாம் என்றேன். எழுதியவர் ஒப்பவில்லை. கதை முழுக்க அவள் அந்த இரவைக் காதால் மட்டுமே அறிந்தவள், கையால் அறியும் இடம் ஒன்றாவது அவளுக்கு வேண்டும் என்றார். பத்தி அப்படியே இருக்கிறது.